படுத்தால் எழவே

“மெத்தை இல்லையாம்டி, வா போகலாம்” என்று வாசலில் நின்ற பெண் தன் தங்கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். மெத்தைக் கடைக்காரி கல்லாவை விட்டு ஓடிவந்தாள்.

“இருக்கும்மா! உள்ள வந்து பாருங்க!”

“அப்புறம் எதுக்கு இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க?”

பெயர்ப்பலகையில் ‘மெத்தையன்று, மேகம்!’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உபயம், தமிழாசிரியையான நாத்தனார்.

முதலில் அவள் எழுதச் சொன்னது ‘மேகம் போன்ற மெத்தை’. “விடியறதுக்குள்ள கலைஞ்சிடுமா?” என்று வந்தவர்கள் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

“உவமை வலுவில்லை அண்ணி. ஒழிப்பணி போடுவோம். ஒரு பொருளை இல்லைன்னு மறுத்து, வேற ஒண்ணாச் சொல்றது.”

ஒழிப்பணி, மிச்சமிருந்த வியாபாரத்தையும் ஒழித்தது.

மாடியில் குடியிருந்த கட்டடத்துக்காரர், சிவந்த கண்ணும் சிடுசிடுப்புமாக இறங்கி வந்தார். “சனிக்கிழமைக்குள்ள நாலு மெத்தையாவது விக்கலைன்னா, இடத்தை மருந்துக்கடைக்கு விட்டுடுவேன். ஆள் ரெடி.”

கடை போனால், பழையபடி அடுத்தவர் கடையில் பில் போடப் போக வேண்டியதுதான். கடைக்காரி நாத்தனாரிடம் ஓடினாள்.

“கவலைப்படாதீங்க அண்ணி. உயர்வு நவிற்சிதான் ஒரே வழி.”

“அது எதை ஒழிக்கும்?”

“ஒழிக்காது! மிகைப்படுத்திச் சொல்றது. ‘படுத்தால் எழவே மாட்டீர்கள்!’ எப்படி?”

சனிக்கிழமை காலையில் பெயிண்டர் ஏணியில் ஏறினார். இரண்டு சொற்களை எழுதியதும் பெயிண்ட் தீர்ந்தது, வாங்கிவரப் போனார். ‘படுத்தால் எழவே’ என்பதோடு பலகை வெயிலில் பளபளத்தது.

தெருவே கூடிவிட்டது.

“பட்டவர்த்தனமா எழவுன்னே போட்டுட்டாங்களே!”

“நேர்மையான கடைப்பா!”

கட்டடத்துக்காரர் பூட்டும் கையுமாகப் பாய்ந்து வந்தார். “என் கட்டடத்துல எழவா? எடு பலகையை! காலி பண்ணு கடையை!”

கடைக்காரிக்கு அதுவரை இருந்த பயம் எங்கேயோ போய்விட்டது. “படுத்துப் பாருங்க ஐயா. எழவா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் பூட்டுங்க.”

“படுக்கிறேன்! எனக்கென்ன பயம்?”

படுத்தார். கை நழுவிப் பூட்டு தரையில் விழுந்தது. அவர் அசையவில்லை.

“ஐயோ, போயிட்டாரு!” என்று யாரோ அலறினார்கள். நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கிளம்பியது ஒரு குறட்டை. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த வாயோடு உள்ளே நுழைந்து, விலை கேட்டது, அமுக்கிப் பார்த்தது, வாங்கியது. மருந்துக்கடைக்காரர் வந்து எழுப்பிப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார், “வேற இடம் பார்த்துக்கறேன்” என்று சலித்துக்கொண்டு போனார். மாலைக்குள், கட்டடத்துக்காரர் படுத்திருந்த மெத்தையைத் தவிர, கடையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைக்காரி காலி அலமாரிகளின் நடுவே மகாராணி போல நின்றாள்.

கட்டடத்துக்காரர் கண் விழித்து, சோம்பல் முறித்து, சுற்றிலும் பார்த்தார்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். “மன்னிச்சுக்கோங்க ஐயா. அது வெறும் உயர்வு நவிற்சி. நிஜமா எடுத்துக்கக் கூடாது.”

“யாரும்மா சொன்னது? உள்ளதை உள்ளபடி சொன்னா அது தன்மை நவிற்சி! தூக்க மாத்திரை கீழேயே கிடைக்கட்டும்னுதானே, இந்த இடத்தை மருந்துக்கடைக்கு விடப் பார்த்தேன்!”