சண்முகசுந்தரம் சாருக்கு ஒரு கை குறையுது

முகப்பேருக்குக் குடி போகும் பேச்சை இன்றோடு ஒழித்துக்கட்டுவது என்று உலகநாதன் முடிவு செய்தார். அதற்கான ஆயுதத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார். போக்கர் சீட்டாட்டம்!

ஆவடி டாங்கி பேக்டரியில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து கேட்டுக்குப் பத்தே நிமிஷம். மத்தியானம் வந்து சாப்பிட்டு, கால் மணி நேரம் கண்ணையும் மூடிவிட்டுப் போகலாம். இந்த சொர்க்கத்தை விட்டுவிட்டு யார் பஸ்ஸில் தொங்குவது? மனைவி வரலட்சுமியின் கட்சி வேறு. எட்டு வீட்டு பிளாக்கில் ஆறு காலி. ஜன்னலுக்குக் கதவில்லை, சுவரெல்லாம் அரசங்கன்று. பட்டப்பகலில் யாரோ நடக்கிற சத்தம். பேச்சுத் துணைக்கு மாடியில் முத்தம்மாள் ஒருத்திதான்.

பந்தயம் இதுதான். உலகநாதன் தோற்றால் குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஜெயித்தால் அவள் முகப்பேர் என்று வாயையே திறக்கக் கூடாது. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு மாதமாகச் செல்போனில் வீடியோ பார்த்துத் தேறிய வித்தையை அவர் பெரிய மனசு பண்ணி அவளுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு. அத்த பாத்துட்டு கொட்டய கட்டணும். அப்பால நடுவுல மூணு சீட்ட தெறந்து போடுவோம். அதான் ஃப்ளாப். மறுபடியும் கட்டணும்."

"கைல ஒண்ணுமில்லன்னா?"

"அங்கதான் கீது விசயம். நல்ல சீட்டு வந்தா ஃப்ளாப்புக்கு முன்னாடியே ஓங்கிக் கட்டு, எதிராளி பயந்துடுவான். ஃப்ளாப் உழுந்தப்புறம் சீட்டு சேரலன்னாலும் சேந்த மாதிரியே கட்டு. அப்பவும் பயந்துடுவான்."

"ரெண்டு தபாவும் பயம்தானா? அப்ப சீட்டு எதுக்குங்க?"

"உனுக்குப் புரியாது. உக்காரு."

அவளோ அவரைத்தான் முதலில் உட்கார வைத்தாள், காற்றாட, பக்கத்து வீட்டை ஒட்டிய சுவருக்கு முதுகு காட்டி. உட்கார்ந்ததுமே கரண்ட் போனது. வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது.

முதல் கையே இரண்டு ஆஸ். உலகநாதன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு பத்துக் கொட்டை கட்டினார். முதுகுக்குப் பின்னால் சுவரில் 'டொக்' என்று ஒரு சத்தம். வரலட்சுமி சீட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

அடுத்தது ஏழும் இரண்டும். உதவாத சீட்டு. இருந்தாலும் வித்தை இருக்கிறதே! பத்து கட்டினார். ஃப்ளாப்பில் ஒன்றும் சேரவில்லை. இன்னும் பத்து கட்டினார். 'டொக், டொக்.' அவள் கொஞ்சமும் யோசிக்காமல் இருபதாகத் திருப்பிக் கட்ட, அவர் வாயை மூடிக்கொண்டு சீட்டைக் கீழே வைத்தார்.

"இன்னா சத்தம் அது?"

"அதுவா? சண்முகசுந்தரம் சாரு," என்றாள், பால்காரர் வந்திருக்கிறார் என்பது போல.

சண்முகசுந்தரம் பக்கத்து வீட்டுக்காரர். சீட்டுப் பைத்தியம். இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்மி ஆடும்போது, கையில் பதிமூன்று சீட்டோடு போய்ச் சேர்ந்தார். ஜெயிக்க ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி என்பார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் குடி வரவில்லை. கதவுக்குப் பூட்டுகூட இல்லை, இருந்தும் ஒருவரும் உள்ளே போவதில்லை.

"அவரு செத்து மூணு வருசமாச்சுடி!"

"ஆளு செத்தா ஆசயும் செத்துடுமா?"

மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சுவரின் உச்சியில் கண்ணாடி உடைந்த வென்டிலேட்டர். அதற்குள் கும்மிருட்டு. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த இருட்டு கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. யாரோ மூச்சு விட்ட மாதிரியும் இருந்தது. நிஜமாகவே பயந்துவிட்டார் மனுஷன்.

"மாடிலருந்து முத்தம்மாவ கூப்புடு."

"அவங்க காலைலயே மேனாம்பேடு போய்ட்டாங்க. நீங்க ஆடுங்க."

அரை மணியில் ஐம்பது கொட்டை பதினெட்டானது. அவரிடம் நல்ல சீட்டு இருந்தால் ஒரு டொக், அவள் ஓடிவிடுகிறாள். புளுகினால் இரண்டு டொக், அவள் மேலே ஏறி மிதிக்கிறாள்.

அப்போதுதான் இரண்டு ராஜாக்கள் வந்தார்கள். அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து கட்டினார். அதிசயமாக அவளும் பத்து கட்டினாள். ஃப்ளாப்: ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. ஆக மூன்று ராஜா! இந்த மூன்று சீட்டுக்கு இதைவிடப் பெரிய கை உலகத்திலேயே கிடையாது. மிச்சமிருந்த எட்டையும் தள்ளினார்.

சுவரில் சத்தமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வரலட்சுமியின் பார்வை அவர் தோளைத் தாண்டி மேலே போய், எதையோ எண்ணுவது போல அங்கேயே நின்றது.

"இன்னாடி பாக்கற?"

"மூணு ராஜாவாமே உங்ககிட்ட."

சீட்டு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"நீங்கதான் ஜெயிச்சீங்க, எல்லா கொட்டயும் எடுத்துக்குங்க." குவியல் மொத்தத்தையும் அவர் பக்கம் தள்ளினாள். "நானும் முகப்பேர் பேச்சே எடுக்கல. சாருக்குத்தான் ரொம்ப சந்தோசம். மூணு வருசமா ஆட ஒரு கை கொறஞ்சிகினு கீதாம். நாளைலருந்து மத்தியானம் நீங்க கண்ண மூடற நேரத்துக்கு வந்துடறேன்றாரு."

நூறு புளியங்கொட்டைக்குச் சொந்தக்காரரான உலகநாதன் குவியலை ஒதுக்கித் தள்ளினார்.

"அந்த விண்ணப்பம் எங்க?"

"அதான் ஜெயிச்சிட்டீங்களே!"

"எங்கன்னு கேட்டேன்! பேனா குடுடி!"

பூர்த்தி செய்து தயாராகவே இருந்தது. மூன்று இடத்தில் கையெழுத்து. மூன்றிலும் பேர் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தது. வரலட்சுமி மை காய ஊதினாள், பீரோவில் வைத்துப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், பிறகு வென்டிலேட்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"முத்தம்மாக்கா, போதும்! ஸ்டூல்லருந்து பாத்து எறங்குங்க, டீ ஆறுது."