நெருஞ்சிக்காட்டில் ஒரு குடும்பப் படம்

"பூவு எங்கலே?"

காரை விட்டு இறங்கியதும் ராஜகுரு மகனைப் பார்த்துத்தான் கேட்டார். சங்கர் என்ன செய்வான், பாவம்! மெட்ராஸிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. பாலவனத்தம் தாண்டினால் ரெண்டு ஏக்கர் கொத்தமல்லிச்செடி வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது, அதில் நின்று குடும்பமாகப் போட்டோ எடுத்தால் ஊட்டியெல்லாம் பிச்சை வாங்கணும் என்று அளந்தவர் அவர்தான். போன மாதம் விருதுநகர் போகையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். மல்லி இவருக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்? பூத்தது, காய்த்தது, பிடுங்கிக் களத்துக்குப் போய்விட்டது. வெறும் கரிசல் வெடித்துக் கிடந்தது.

"ஒரு மாசத்துல இப்பிடியா ஆகும்?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு மாசத்துல என்னென்னமோ ஆயிருதுங்க" என்றாள் மனைவி சுந்தராம்பாள்.

அருப்புக்கோட்டை பஜாரில் நூல்கடை ராஜகுரு என்றால் தெரியாதவர் கிடையாது. பிடிவாதத்துக்குப் பேர் போன மனுஷன். அஞ்சு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த ஜெப ஷீலாவைச் சர்ச்சில் வைத்துச் சங்கர் கல்யாணம் கட்டிக்கொண்டபோது, "நான் செத்தாத்தான் நீ இந்த வாசப்படியை மிதிக்கணும்" என்று தந்தி அடித்தவர். தந்தி ஆபீஸ்காரரே ரெண்டு தரம் வாசித்துக் காட்டி, "அடிச்சிரவா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார்.

அதற்கப்புறம் பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியது. ராஜகுருவுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லை என்று எவனோ டீக்கடையில் சொன்னது அவர் காதுக்கே வந்துவிட்டது. மனுஷன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. வெளியே மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தாலும் உள்ளே அந்தப் பேச்சு அவரை அரித்துக்கொண்டேதான் இருந்தது.

இப்போது மகன் தானாக வந்துவிட்டான், பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. கூப்பிடவில்லை, கடிதாசி போடவில்லை. திடுதிப்பென்று வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"பாத்தியாடி? அஞ்சு வருசம் அசையாம நின்னேன். வந்து விழுந்துட்டான்ல?" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க" என்றாள் அவள். கட்டிக்கொண்டு வந்த முப்பது வருஷத்தில் அவள் ஒரே தடவையில் ஆமாம் போட்டது அன்றைக்குத்தான். ராஜகுருவுக்குத் தலைகால் புரியவில்லை.

குடும்பமாக ஒரு போட்டோ எடுத்துக்கலாம் என்று ஆரம்பித்ததுகூட சுந்தராம்பாள்தான். ஸ்டூடியோவுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்தால் முடிகிற வேலை. ஆனால் பங்காளி நல்லகண்ணு ஊட்டிக்குப் போய்ப் பூவுக்கு நடுவில் பிள்ளைகுட்டியோடு எடுத்த படத்தைக் கடையில் மாட்டி வைத்திருக்கிறான். அதைவிடப் பெருசாகத் தன் கடையில், தெருவைப் பார்க்க ஒன்று மாட்டணும் என்று ராஜகுரு அடம் பிடித்தார். கொள்ளிக்கு ஆளில்லை என்றவன் தினம் அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிக்கணும்.

"வேற பூவா இல்ல? திருச்சுழி ரோட்டுல சூரியகாந்தி போட்டிருக்கான். விடு வண்டியை!"

போட்டோக்காரர் சந்தனம் வாட்சைப் பார்த்தார். "அண்ணாச்சி, வெயிலு உச்சிக்கு வந்துட்டா மூஞ்சியில கண்ணு ரெண்டும் குழியா விழுகும்."

"எனக்கு இப்பவே அப்பிடித்தான்யா இருக்கு" என்றார் ராஜகுரு. அது உண்மைதான். வெள்ளைச் சட்டைகூட ரெண்டு மாதமாகத் தொளதொளவென்று ஆடியது. சலவைக்காரன் இழுத்து இழுத்துப் பெருசாக்கிவிட்டான் என்று அவன்மேல் அவருக்கு ஒரே கோபம்.

வழியில் டீக்கடையில் மிளகாய் வடை மணத்தது. ராஜகுரு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். மூணு வாரத்துக்கு முன்னால்தான் மதுரைப் பெரிய டாக்டரிடம் வயிற்றைக் காட்டிவிட்டு வந்திருந்தார். "ஒண்ணுமில்ல, வெறும் புண்ணுதான், காரத்தைக் குறைங்க" என்று தோளில் தட்டி அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, சுந்தராம்பாளிடம் அரைமணி நேரம் பத்தியம் சொன்னார் டாக்டர். காரம் என்ற வார்த்தையைச் சொன்னாலே அவள் இப்போது கரண்டியைத் தூக்கணும்.

"ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்க" என்றாள் சுந்தராம்பாள்.

மனுஷன் ரெண்டு வடையை உள்ளே தள்ளினார். மூணாவதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வடையில எண்ணெய் சரியில்ல" என்று கடைக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

சூரியகாந்திக் காடு பிடுங்கப்படாமல் நின்றது, அதுவரை நல்ல காலம். ஆனால் பூ அத்தனையும் முற்றிப்போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

"என்னய்யா இது, எழவு வீட்டுல நிக்கிற மாதிரில்ல நிக்குதுக!"

சுந்தராம்பாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். சிரிக்கிறாள் என்று நினைத்து ராஜகுருவுக்கு உற்சாகம் பிறந்தது. ஆளுக்கொரு பூவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தச் சொன்னார். "ஏலே சங்கரு, அந்தப் பூவைத் தூக்கிப் பிடி. ஏம்மா ஷீலா, நீ அந்தப் பக்கம். கையி படத்துல தெரியக் கூடாது!"

மெட்ராஸில் கம்ப்யூட்டர் தட்டுகிற பெண், மறுபேச்சில்லாமல் பூவின் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராஜகுருவும் ஒன்றை நிமிர்த்தினார். படக்கென்று தண்டு முறிந்தது. அடுத்ததைப் பிடித்தார், அதுவும் முறிந்தது.

"எவன்டா அது காட்டுக்குள்ள?"

காட்டுக்காரர் கம்போடு ஓடி வந்தார். எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள். ஷீலாவின் ஒத்தைச் செருப்பு வாய்க்காலில் போனது. பத்தடி ஓடுவதற்குள் ராஜகுருவுக்கு மூச்சு முட்டியது. சங்கர் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கிக் காரில் போட்டான்.

"அஞ்சு வருசத்துல உடம்பு நல்லாத் தேறியிருக்கானே, என்னையே தூக்கிட்டான்!" என்று ராஜகுரு பெருமைப்பட்டார். சங்கர் கைகள் ரெண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நரிக்குடி ரோட்டில் ஒரு கண்மாய்க்கரை ஓரம் கார் திரும்பியபோது ராஜகுரு கத்தினார். "நிறுத்து! நிறுத்து! அங்க பாருலே!"

தரையெல்லாம் மஞ்சள். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், கரை நெடுகப் பாய் விரித்த மாதிரி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மனுஷன் குழந்தை மாதிரி கையைத் தட்டினார். கிட்டப் போனதும் சந்தனம்தான் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, இது நெருஞ்சி. பூவுக்கு ஒரு முள்ளு இருக்கும்."

"படத்துல முள்ளா தெரியப் போகுது? எல்லாரும் உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார்கள். செருப்பில்லாத காலோடு ஷீலாவும் வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறொரு நாளாக இருந்தால் சுந்தராம்பாள் மனுஷனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள்.

"சிரிங்க" என்றார் சந்தனம்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சுந்தராம்பாள் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. சங்கர் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஷீலா தேம்பியே விட்டாள்.

"ஏம்மா, ஒரு முள்ளுக்கா இம்புட்டு அழுகை?"

"முள்ளுதான் மாமா" என்றாள் ஷீலா. "ரொம்ப ஆழமாக் குத்திருச்சு."

ராஜகுருவுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை நாள் இந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தி வைத்தோமே என்று அவருக்கே தாங்கவில்லை. அவள் தலையில் கை வைத்து, "அழுகாத தாயி. அடுத்த வருசம் மல்லி பூக்கையில வாங்க, அதுக்குள்ள உக்காந்து எடுப்போம்" என்றார். தேம்பல் கூடிப்போனது. அவர் ஒருத்தர் மட்டும் பல் தெரியச் சிரித்தார். சந்தனம் அதற்குள் முக்கால் ரோலைத் தட்டி முடித்தார்.

எல்லாரும் குனிந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்க, ராஜகுரு ஒன்றுக்குப் போகக் கருவேலம்புதருக்குப் பின்னால் ஒதுங்கினார். உட்கார்ந்த இடமெல்லாம் எரிந்தது, ஆனால் மனசு நிறைந்திருந்தது. இனி எவன் என்ன பேசுவான்? டீக்கடை வாய் அடைத்துப்போகும். ஆணி அடிக்க ஆசாரியை நாளைக்கே வரச்சொல்லணும் என்று நினைத்துக்கொண்டே வேட்டியைச் சரிசெய்தார்.

புதருக்கு அந்தப் பக்கம் சந்தனம் குரலைத் தாழ்த்திச் சங்கரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, குடும்பப் படத்தை அடுத்த வாரம் தந்துர்றேன். அப்பாவை மட்டும் தனியாப் பிரிச்சு, மாலை போட இடம் விட்டுப் பெருசாப் பண்ணச் சொன்னீகள்ல, அது என்னைக்குத் தேவைப்படும்?"