கீழ்த்தளத்துத் திமிங்கிலம்

நோர்வேக்குப் போகும்வரை நான் ஒருநாளும் கடலில் போனவன் அல்ல. இதை இன்று கூச்சமில்லாமல் எழுத முடிகிறது. எட்டு வருடங்களுக்கு முன்பு, சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஆள் தாரணியின் அப்பா. தாரணி சுவிசின் கூர் நகரில் தாதியாக வேலை செய்தாள். நான் அதே ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல்காரன். இருவரும் விரும்பினோம். மாமா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, நெடுநாள் ஆசைப்பட்டபடி திமிங்கிலம் பார்க்க நோர்வேயின் வடக்குக்குக் குடும்பத்தோடு புறப்பட்டவர், "அந்தப் பொடியனையும் வரச் சொல்லு. நாலு நாள் ஒண்டாத் திரிஞ்சால் ஆளை அறியலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். போனது திமிங்கிலம் பார்க்க என்றாலும் பரீட்சை எனக்குத்தான்.

துறைமுகத்தில் மாமி எல்லோருக்கும் வாந்தி வராமலிருக்கக் குளிசை நீட்டினார்.

"தம்பி, ஒண்டு போடும். கடல் கொஞ்சம் எழும்பி நிக்குதாம்."

"எனக்கு வேண்டாம் மாமி. யாழ்ப்பாணத்தான் கடலுக்குப் பயப்பிடுறதே?"

(நான் பிறந்தது சுன்னாகத்தில். அங்கே கடல் பார்ப்பதென்றால் பஸ் ஏற வேண்டும். சுவிசுக்கு வந்ததும் விமானத்தில். என் மொத்தக் கடல் அனுபவமும் வாலன் ஏரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன படகுதான்.)

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். மதிப்பு ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

துறைமுகத்தைத் தாண்டி அரைமணி நேரத்தில் என் வயிறு வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் அது மறுபக்கம் சாய்ந்தது. மாமா கண்டுவிடக்கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு படியிறங்கிக் கீழ்த்தளத்துக் கழிவறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டேன். அலமாரி அளவு அறை. கதவு உள்பக்கமாகத் திறப்பது. (இது முக்கியம்.)

காலைச் சாப்பாட்டை முழுதாகத் திருப்பிக் கொடுத்த பிறகு, மூச்சு முட்டியது. எல்லோருக்கும் கட்டாயமாகப் போட்டுவிட்டிருந்த உயிர்காப்பு அங்கிதான் கழுத்தை இறுக்குகிறது என்று நினைத்து, அதைத் தளர்த்துவதற்காக அதில் தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்தேன்.

படார்!

கப்பல் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கணம் இரண்டு மஞ்சள் தலையணைகள் என் கன்னங்களை அமுக்கின. வெடித்தது கப்பல் அல்ல, நான். ஊதிப் பெருத்த அங்கியோடு கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இறுகிவிட்டேன். கதவைத் திறக்க நான் பின்னால் போக வேண்டும். பின்னால் போக இடமில்லை. கத்தினேன். யாரும் வரவில்லை. கால் சப்பாத்தைக் கழற்றி, இரும்புச் சுவரில் முழுப்பலத்தோடு அடிக்கத் தொடங்கினேன். டொம். டொம். டொம்.

அந்த நேரம் மேல்தளத்தில் நடந்ததைத் தாரணி பிறகு சொன்னாள்.

கப்பலின் எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். வழிகாட்டியாக வந்த நோர்வேப் பெண், தண்ணீருக்குள் ஒரு ஒலிவாங்கியை இறக்கி ஒலிபெருக்கியோடு இணைத்திருக்கிறாள். அங்குள்ள திமிங்கிலங்கள் ஆழத்தில் இரை தேடும்போது தட்டுவதுபோல் சத்தம் போடுமாம். ஒலிபெருக்கியில் டொம், டொம், டொம்.

"மிகவும் கிட்ட நிற்கிறது! பெரிய ஆண் திமிங்கிலமாக இருக்க வேண்டும்" என்றிருக்கிறாள் அவள். சற்று நேரம் கேட்டுவிட்டு, "இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஏதோ மனக்கலக்கத்தில் இருக்கிறது போல" என்றும் சொல்லியிருக்கிறாள்.

மாமாவின் கண் கலங்கிவிட்டதாம். "கேட்டியளே? என்ன மாதிரிக் கூப்பிடுது!"

மாமி, "பாவம், தனிச்சுப் போச்சுதாக்கும்" என்றாராம்.

(என்னை யாரும் தேடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

கால்மணி நேரத்தில் என் கை சோர்ந்தது. அடிப்பதை நிறுத்தினேன். மேலே வழிகாட்டி கையை உயர்த்தியிருக்கிறாள். "சத்தம் நின்றுவிட்டது. மேலே வரப்போகிறது! வலப்பக்கம் பாருங்கள்!" முப்பது பேரும் வலப்பக்கக் கம்பியில் கமராவோடு தொங்கியிருக்கிறார்கள்.

அப்போதுதான் கயிறு எடுக்கக் கீழே வந்த கப்பல் பணியாளர் ஒருவர் என் முனகலைக் கேட்டார். கதவைத் தோளால் நெருக்கி, இடுக்கில் கைவிட்டு, அங்கியின் காற்றைப் பாதி இறக்கி, என்னை வெளியே இழுத்து மேலே கொண்டுபோய் நிறுத்தினார். ஈரத்தலை, பாதி ஊதிய மஞ்சள் கழுத்து, ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில்.

முப்பது பேரும் திரும்பினார்கள். பணியாளர் வழிகாட்டியின் காதில் ஏதோ சொன்னார். அவள் என் சப்பாத்தைப் பார்த்தாள். ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

"நீங்களா தட்டியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

விளக்கம் சொல்வதற்காகச் சப்பாத்தால் பக்கத்து இரும்பில் மூன்று முறை தட்டினேன்.

டொம், டொம், டொம் என்றது ஒலிபெருக்கி.

அப்படி ஓர் அமைதியை நான் செத்த வீட்டிலும் கண்டதில்லை. மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. யாரோ ஒருவர் கமராவை மெதுவாக மூடிய சத்தம்கூடக் கேட்டது. அத்தனை பேரும் வலப்பக்கம் நின்று என்னையே பார்க்க, நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடப்பக்கக் கடலைப் பார்த்தேன்.

அங்கே அது கிடந்தது.

எவ்வளவு நேரமாகக் கிடந்ததோ தெரியாது. கறுத்து, தோல் சுருக்கம் விழுந்து, நனைந்து, ஒரு பேருந்தைவிட நீளமாக, சும்மா கிடந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"மாமா... அங்கை..."

"நீர் வாயை மூடும்!"

"இல்லை மாமா... அங்கை பாருங்கோ..."

அது முதுகை வளைத்தது. தண்ணீர் வடிய வால் எழுந்து, நிமிர்ந்து நின்று, சத்தமே இல்லாமல் இறங்கியது. எல்லோரும் திரும்பியபோது கடலில் ஒரு வழுக்கலான வட்டம் மட்டும் மிச்சம். அன்று வேறு திமிங்கிலம் வரவில்லை.

திரும்பும் வழி முழுவதும் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. தாரணி என் பக்கத்தில் இருந்தாள். ஆனால் அவள் தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன், தொடங்க முன்னமே.

கரையில் இறங்கியதும் மாமா என்னைத் தனியே அழைத்தார்.

"நீர் உண்மையிலை கண்டனீரோ?"

"ஓம் மாமா."

"முழுசாவோ?"

"முழுசா."

"சொல்லும்."

சொல்லத் தொடங்கினேன். வால் எழுந்த இடம் வந்ததும், ஏன் என்று தெரியாமல் அழுதுவிட்டேன். நான் சுன்னாகத்தான், கடலில் போனதே இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். மாமா மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"அடுத்த முறை வரேக்கை குளிசையைப் போடும்."

'அடுத்த முறை' என்ற சொல் எனக்கு விளங்கச் சில நொடிகள் பிடித்தன. தாரணிக்கு உடனே விளங்கிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் நான் குளியலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் இருந்தால் போதும். மாமா கதிரையில் இருந்தபடியே, "சத்தம் நிண்டிட்டுது, மேலை வரப்போகுது!" என்பார். என் மகளுக்கு ஐந்து வயது. எல்லா வீடுகளிலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் நம்பியிருக்கிறாள். போன மாதம் அவளுடைய சுவிஸ் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில், அந்த வீட்டுத் தகப்பன் குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துவிட்டார். என் மகள் கதவுக்கு முன்னால் போய் நின்று, விருந்துக்கு வந்த அத்தனை பேரையும் தெளிவான சுவிஸ் ஜெர்மனில் கூப்பிட்டாள்:

"எல்லாரும் வாங்கோ, திமிங்கிலம் வரப்போகுது!"