முபாறக் ஏறிய தண்ணித் தாங்கி

முபாறக்குக்கு உயரம் என்றால் உயிர் போகும். கதிரையில் ஏறி பல்ப் மாற்றச் சொன்னாலே கடையில் ஒரு அவசர வேலை வந்துவிடும். இது யாருக்கும் தெரியாது, முக்கியமாக மனைவி ஷிம்லாவுக்குத் தெரியாது என்று பன்னிரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான்.

குறிஞ்சிப்பிட்டியில் அவர்கள் வீட்டில் ஒரு சீபீ றேடியோ செட் இருந்தது. ஷிம்லாவின் தம்பி அஸாம் கடலுக்குப் போனால் படகிலிருந்து அதில்தான் கதைப்பான். ஆனால் ஜன்னலில் கட்டிய கம்பிக்கு இரண்டு மைலோடு காது அடைத்துவிடும். நல்ல அன்டெனா ஒன்று பூட்ட வேண்டும். பூட்டத் தோதான இடம் வீட்டுக்குப் பின்னால் நின்ற தண்ணித் தாங்கியின் உச்சி. இருபது அடி!

முபாறக் தப்ப வழி கண்டான். ஒன்றுக்கு இரண்டு அன்டெனாவாக இரவல் வாங்கி வந்தான். ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பூட்டுவானாம். ஒப்பிட்டு முடிகிற வரைக்கும் ஏறத் தேவையில்லையே.

பத்தொன்பது நாள் ஒப்பிட்டான்.

"இஞ்சே, இன்னும் முடியல்லையா?"

"அவசரப்படாத, ஷிம்லா. இது ஒன்பது அடி, கீழ நாலு கால். காத்துக்கு அசையாது. மற்றது இருபத்திரண்டு அடி. தூரத்துச் சத்தத்தையும் இழுக்கும், ஆனா ஆடும்."

"எது ஆடும்? அதா, நீங்களா?"

முபாறக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ரெண்டுமே நாலு திசைக்கும் கேக்கும், தெரியுமா?"

"முற்றத்தில படுத்துக் கிடந்தா எந்தத் திசைக்குக் கேக்கும்?"

அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், மேற்கு வானம் கறுத்தது. காற்று தென்னைகளைப் பிடித்து உலுப்பியது. ஷிம்லா செட்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"அஸாம்... அஸாம்..."

கரகரவென்ற இரைச்சல் மட்டும்.

"அஸாம்ட குரலக் காணல்லையே," என்றாள். குரல் நடுங்கியது.

முபாறக்கின் கண்ணுக்குள் கவிழ்ந்த படகு ஒன்று மிதந்தது. ஷிம்லா எழுந்து சாரியை இழுத்துச் செருகினாள்.

"நான் ஏறுறன்."

"நீ நில்லு!"

பத்தொன்பது நாள் முடியாத ஒப்பீடு ஒரு நொடியில் முடிந்தது. நீளமானதுதான்! அதன் குழாய்கள் ஏற்கெனவே பொருத்தி, வயரும் மாட்டிக் கிடந்தன. யார் பொருத்தியது என்று கேட்கும் நிலையில் அவன் இல்லை.

இரும்பு ஏணியில் படிக்கொரு பிஸ்மில்லாஹ். ஏழாவது படியில் செருப்பு விழுந்தது. பத்தாவதில் கண்ணை மூடினான். உச்சியில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. தூரத்தில் கடல் வெள்ளை வெள்ளையாக வாய் பிளந்தது. ஷிம்லா கீழிருந்து கயிற்றில் கட்டி விட்ட அன்டெனாவை இழுத்து நிமிர்த்தி, தாங்கிக் கம்பியோடு இரும்புப் பட்டியால் முறுக்கி, அதையே கட்டிப் பிடித்துக்கொண்டான். அன்டெனா ஆடியது. அவனும் ஆடினான்.

"பூட்டியாச்சு! கூப்பிடு!"

ஷிம்லா செட்டின் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்.

"ராத்தா! நல்லாக் கேக்குது!" பக்கத்தில் நின்று பேசுவது போல அஸாமின் குரல் தாங்கி உச்சி வரைக்கும் வந்தது.

முபாறக் அழுதே விட்டான். "அல்ஹம்துலில்லாஹ்! எங்க நிக்கிறான் எண்டு கேளு, ஷிம்லா!"

அவள் கேட்டாள்.

"கரையிலதான், படகுக்குள்ள. இண்டைக்கு என்னைக் கடலுக்குப் போக விடல்லையே நீங்க. மச்சான் ஏறுற வரைக்கும் வாயத் திறக்க வேணாமெண்டும் சொன்னீங்க. ஏறிட்டாரா?"