தானே ஓடும் பம்பு

படகுக்குள் கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. பம்பு மூச்சே விடவில்லை.

"ஏமய்யா, ஆட்டோமேட்டிக்குன்னு சொன்னியே?" என்றார் படகுக்கு அனுமதி கொடுக்க வந்த இன்ஸ்பெக்டர் நாகபூஷணம். நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டோமேட்டிக்தான் சார். தண்ணி ஏறுனா பலகைக்கு அடியில கீற மிதவை எழும்பும், பம்பு தானா ஓடும். குவைத்துலேர்ந்து எங்கண்ணன் அனுப்ச்சது" என்றான் எத்திராஜ்.

ஊரில் பாதிப் பேர் குவைத்துக்குப் போய், மீதிப் பேருக்கு டேப்ரிக்கார்டர் அனுப்பிக்கொண்டிருந்த காலம். அண்ணன் ஹேமநாத் பம்பை அனுப்பியதோடு நிற்காமல், படகு தேறாவிட்டால் கிளம்பி வா என்று விசாவுக்கும் சொல்லி வைத்திருந்தான். எத்திராஜுக்குப் போக மனசே இல்லை. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சத்தியவேட்டுப் பக்கத்து ஏரியில் ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைப் படகில் சுற்றிக்காட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். இந்த மனிதர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் மிதவைக்கு ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துப் பார்த்தபோது பம்பு ஜோராக ஓடியது. ஜீப் சத்தம் கேட்டதும், நிறுத்தச் சொல்லிப் பெண்டாட்டியிடம் கத்திவிட்டு ரோட்டுக்கு ஓடினான். அதற்குள் இந்தச் சனியனுக்கு என்ன வந்தது?

"மிதவைக்கு இந்தத் தண்ணி பத்தல சார்" என்று படகின் அடித்தக்கையைப் பிடுங்கினான். தண்ணீர் தாராளமாக வந்தது. பம்பு அசையவில்லை. கைநழுவிய தக்கை எங்கோ மிதந்து போயிற்று.

பேட்டரி வயர்களை மாற்றிப் போட்டான். இரண்டும் உரசி பியூஸ் போனது. பியூஸுக்குப் பதில் செம்புக்கம்பியை முறுக்கினான். மறுபடி உரசியபோது பியூஸுக்குப் பதில் வயரே புகைந்தது.

"கட்டேய், கட்டேய்" என்று நாகபூஷணம் தெலுங்கில் நிறுத்தச் சொல்லி அலறினார். எத்திராஜ் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து பெண்டாட்டி கலைவாணி ஒரு கயிற்றோடு ஓடிவந்தாள். திருவள்ளூர்ப் பெண். ஊர்த் தெலுங்கு இன்னும் காதுக்குப் பழகவில்லை.

"கவுறு எதுக்குமே? அப்பால போ" என்று எத்திராஜ் எரிந்து விழுந்தான்.

படகு மெள்ளச் சேற்றில் உட்கார்ந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று பேண்ட்டைப் பிழிந்தார் நாகபூஷணம்.

"நுவ்வு குவைத்துக்கே போ நைனா" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

எத்திராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. "காலைல நல்லா ஓடிக்கினு இருந்துச்சே. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"அழுவாதீங்க" என்றாள் கலைவாணி. "வேணும்னா அந்தக் கட்டை அவுத்துப் பாக்கட்டா?"

"எந்தக் கட்டு?"

"காலைல நீங்கதானே 'மோட்டார கட்டேய், கட்டேய்'னு கத்திக்கினே ஓடுனீங்க? அதான் குச்சிய எடுத்துட்டு, மெதவைய அமுக்கிப் புடிச்சு இறுக்கிக் கட்டிட்டேன். நீங்க எனக்குப் போட்டாப்பலவே மூணு முடிச்சு, இந்த ஜென்மத்துக்கும் அவுராது."