சரை அண்ணையின் கடதாசிக் கட்டு

எங்கேயாவது காற்றில் பொலித்தீன் படபடத்தால் போதும், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்திருந்த எங்கள் கந்தோர் ஜன்னல் எனக்குள் திறந்துகொள்ளும். சோற்றுப் பார்சலைச் சுற்றி வந்த பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுகள் கழுவப்பட்டுக் கொடியில் ஆடும். கீழே சரை அண்ணை நிற்பார். உலகத்திலேயே குப்பைக்கூடைகளைப் பட்டினி போட்டுக் கொன்ற ஒரே மனிதர்.

கடலை போட்டுத் தரும் கடதாசிக் கூம்புதான் சரை. கந்தோரில் தட்டச்சில் பிழைத்த தாள், காலாவதியான சுற்றறிக்கை எல்லாவற்றையும் பின்னேரம் கட்டிக்கொண்டுபோய் வெள்ளவத்தைக் கடற்கரைக் கடலைக்காரனுக்குக் கொடுப்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் புழங்கியது.

ஒருநாள் மனேஜர் கொதித்துக்கொண்டு வந்தார். "ஐசே, நேற்று என்ரை மனிசி கடலை தின்ற சரையிலை என்ரை கையெழுத்து!"

"நல்லதுதானே சேர். கந்தோரிலை ஒருத்தரும் வாசிக்காத சுற்றறிக்கை. அங்கையாவது ஒராள் வாசிச்சிருக்கிறா."

பேக்கரியில் பாணைச் சுற்ற விடமாட்டார். "பாணுக்கு என்னத்துக்குச் சட்டை? வெக்கப்படுகுதோ?" என்று கேட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சன நெரிசலான காலி வீதியில் ராசா மாதிரி நடப்பார்.

ஆனால் அது யுத்த காலம். கட்டிவைத்த எதைக் கண்டாலும் குண்டோ என்று கொழும்புக்கு மூச்சு நின்றது. ஒரு பின்னேரம் நாங்கள் இருவரும் போன பஸ்ஸில் ஒரு பிள்ளைத்தாச்சிக்குத் தன் இடத்தைக் கொடுத்த அண்ணை, கடதாசிக் கட்டை அந்த சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டு முன்னுக்குப் போனார். அங்கே கொண்டக்டரோடு வழக்கு. "இந்த டிக்கற்றைப் பாதித் தாளிலை அடிச்சால் காணாதோ?"

பம்பலப்பிட்டியில் பின்னால் ஒரு குரல் கிழிந்தது. "மேக்க காகெத?" இது யாருடையது என்று சிங்களத்தில். ஒருத்தரும் உரிமை கோரவில்லை; அண்ணை இன்னும் டிக்கற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நொடி பஸ் தன் வயிற்றிலிருந்த எல்லோரையும் வீதியில் கொட்டியது. எங்களையும்தான்.

எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அண்ணை திட்டினார். "ஆரோ ஒரு மடையன் பார்சலை விட்டிட்டு இறங்கிப் போட்டான்!"

பிறகு அவருடைய கை மெல்லத் தன் கக்கத்தைத் தடவியது.

"ஐசே... கட்டு!"

இராணுவம் வந்து வீதியை மறித்தது. நான் அவர் சேர்ட்டைப் பிடித்தேன். "வாயைத் திறக்காதேங்கோ அண்ணை. தமிழன்ரை பார்சல். கொண்டுபோனால் எப்ப விடுவாங்கள் எண்டு கடவுளுக்கும் தெரியாது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைத்தாச்சி நடைபாதையில் குந்தியிருந்து, இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டு நடுங்கினாள். அண்ணை என் கையை உதறினார். இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நடந்தார்.

"மஹத்தயா, ஏக்க மகே! பறண கடதாசி!" ஐயா, அது என்னுடையது, பழைய கடதாசி.

இராணுவத்தின் துவக்குக் குழல்கள் அவர் பக்கம் திரும்பின. அவரைக் கொண்டே கட்டை அவிழ்க்க வைத்தார்கள். வெறும் கடதாசி என்று தெரிந்த பிறகும் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் மனேஜரே பொலிசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "குப்பையையே எறியத் தெரியாத மனிசன் சேர் இவர். குண்டு எங்கை எறியப்போறார்?" என்று மனேஜர் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொழுதுபட விட்டார்கள்.

வெள்ளவத்தையில் அவருடைய ஒழுங்கை முகப்புவரை நான் பொரிந்துகொண்டே வந்தேன். "உயிரைவிடக் கடதாசியோ உங்களுக்குப் பெரிசு?"

அவருடைய உதடு வீங்கியிருந்தது. கதைக்கக் கஷ்டப்பட்டார்.

"கடதாசிக்கில்லை, ஐசே. அது வெறும் கடதாசி எண்டு அந்த றோட்டிலை தெரிஞ்ச ஆக்கள் நாங்கள் ரெண்டு பேர்தான். அந்தப் பிள்ளை அப்பிடி நடுங்கேக்கை, தெரிஞ்சவன் பேசாமல் நிக்கலாமே?"

கடற்காற்று வீசியது. அவர் ஒழுங்கைக்குள் திரும்பினார். நான் கூப்பிட்டேன்.

"அண்ணை, நாளைக்கும் கட்டு இருக்குமெல்லே? என்னட்டைத் தாங்கோ. என்ரை மடியிலை வைச்சுக்கொண்டு வாறன்."