பல்லுக்கிடையில் ஒரு விசில்

ஒரு பந்தாட்டத்தைக் கெடுப்பதற்கு அந்த விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் மேல் பாசமும் கழுத்தில் ஒரு விசிலும் இருந்தால் போதும். என்னிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

ஒரு பாண் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து சுமை இறங்கும்போது கீழே நின்று கிறேன் ஓட்டுபவருக்குக் கை காட்டுவேன்: தூக்கு, இறக்கு, நிறுத்து. தொங்கும் சுமைக்குக் கீழே யாராவது வந்துவிட்டால் விசில் ஊத வேண்டும். யோசித்துவிட்டு ஊதுகிற வேலை அல்ல அது. விசில் கேட்டால் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள். (வீட்டில் மட்டும் யாரும் நிற்பதில்லை.)

மகன் ரவிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் ஆடினான். அவனுடைய முதல் இரண்டு ஆட்டங்களையும் போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோட்டோரமாக மேலும் கீழும் ஓடினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். பதினொரு பையன்களையும் கிறேன் என்று நினைத்துக் கை காட்டினேன். ஒருமுறை ஆள் மாறி, எதிரணிப் பையனைப் பார்த்து "அடியடா!" என்று கத்த, அவனும் அடித்தான். கோல்.

மூன்றாவது ஆட்டம் இறக்கக்கண்டி மீனவக் கிராமத்துப் பையன்களோடு. வென்றால் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். முதல்நாள் ரவி நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அப்பா, நாளைக்கு வாங்கோ. ஆனா கத்தக் கூடாது."

"ஓம்."

"கையும் காட்டக் கூடாது."

"அப்ப கையை என்ன செய்யிறது?"

"கட்டிக்கொண்டு நில்லுங்கோ. ஏலாதெண்டா வராதேங்கோ."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வரவேண்டும் என்றுதான் அவனுக்கும் ஆசை. மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்காத அப்பாவாக வரவேண்டும், அவ்வளவுதான். அது எனக்குப் புரிந்தது. சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்து காக்கி உடுப்போடு நேரே மைதானத்துக்குப் போனேன். கையைக் கட்டியாயிற்று. வாய்தான் சொல் கேட்கவில்லை, தானாகத் திறந்து திறந்து பார்த்தது. அதை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டேன். (என் மூளையை மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆடாமல் அசையாமல் நின்றேன். ரவி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் தரம் சிரித்தான்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ரவி பந்தோடு எல்லாரையும் தாண்டி ஓடினான். முன்னால் கோல்காப்பாளர் மட்டும்தான். அப்போது பக்கத்திலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். கரைவலை இழுத்து உரமேறிய தோள். என் கண்ணுக்கு அவன் பையனாகவே தெரியவில்லை, கிறேனில் ஆடிக்கொண்டு வரும் சுமையாகத் தெரிந்தான். அதற்குக் கீழே என் பிள்ளை.

ஊதிவிட்டேன்.

எல்லாரும் நின்றார்கள். ரவி தூக்கிய காலோடு நின்றான். பாய்ந்து வந்தவனும் மரியாதையாக நின்றான். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று மைதானத்து ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது; அதுகூடத் தலையை நிமிர்த்தியது. நடுவர் குனிந்து தன் நெஞ்சில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

"ஆர் ஊதினது?"

மைதானமே என்னைக் காட்டியது. கட்டிய கை கட்டியபடியே நின்றிருந்தேன்.

"ஐயா," என்றார் நடுவர், "இங்க ஒரு விசில்தான் இருக்க வேணும்."

அவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கினார். அந்தத் தோள்காரப் பையன் அதை ஓங்கி உதைத்தான். அடுத்த நிமிடம் பந்து எங்கள் கோலுக்குள் விழுந்தது. ஆட்டமும் முடிந்தது.

வீட்டுக்குப் போகும்போது வழக்கமாக ரவி என் சைக்கிள் பாரில் ஏறிக்கொள்வான். அன்று ஏறவில்லை. பத்தடி முன்னால் நடந்தான். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். நான் கத்தவும் இல்லை, கையும் காட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்து, வெட்கத்தில் மூடிக்கொண்டேன். கடற்கரைத் தெரு வந்ததும் அவன் நின்றான்.

"ஏன் ஊதினீங்கள்?"

"அவன் உன்னை இடிச்சுப் போடுவான் எண்டு பயந்திட்டன், தம்பி."



"இடிச்சா விழுவன். பிறகு எழும்புவன்தானே, அப்பா."

அவன் கையை நீட்டினான். விசிலைக் கழற்றிக் கொடுத்தேன். அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாரில் ஏறினான்.

"அடுத்த ஆட்டத்துக்கு…" என்று இழுத்தேன்.

"வாங்கோ."

அதன்பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போனேன். மைதான வாசலில் ரவி கையை நீட்டுவான், நான் விசிலைக் கொடுப்பேன்; ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தருவான். பரீட்சை, வேலைக்கான நேர்முகம் என்று வீட்டில் யாருக்கு எது வந்தாலும் என் முன்னால் ஒரு கை நீளும். அவனுடைய கலியாணத்தில் எங்கள் காலில் விழுந்து எழும்பியதும் கையைத்தான் நீட்டினான். மனைவி சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். (ஓம், விசில் வேட்டி மடிப்புக்குள் இருந்தது. கொடுத்தேன்.)

இப்போது பேத்தி நடை பழகுகிறாள். நேற்று வாசற்படியில் தடுக்கி விழப்போனாள். "ஐயோ, பிள்ளை!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு பாய்ந்தது நான் அல்ல, ரவி. நான் கதிரையில் இருந்தபடியே அவனிடம் கையை நீட்டினேன்.